பழம்பாணும் கிழச்சேவலும் – பிரான்ஸ் நாட்டு உணவு மேசையிலே

பிற தேசம் ஒன்றுக்குப் பயணம் போகிறவர்கள் அத்தேசத்து மாளிகைகளையும் கோபுரங்களையும் பார்த்துத் திரும்பி, "எல்லாம் பார்த்து முடித்தோம்" என்று கூறுவது வழக்கம். ஆனால் ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர்களது அடுப்படியையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். பிரான்ஸ் தேசத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் பொருந்தும். பிரெஞ்சு மக்கள் கூடியிருந்து விருந்துண்ணும் முறையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு புகழ் வாய்ந்த உணவு என்றதும், அரசரும் பிரபுக்களும் வெள்ளித் தட்டிலே உண்ட அரிய பண்டங்களே எம் நினைவுக்கு வந்தன. நாமும் எம் தமக்கையாரும் பாரிஸ் நகரத்திலே தொழில் பார்க்கும் அவருடைய மகனைக் காணப் புறப்பட்டபோது, உணவைப்பற்றி எமக்கு இருந்தது ஆசையன்று, அச்சமே. தமக்கையார் மரக்கறி உணவினர், முட்டையும் தொடமாட்டார். "அந்த ஊரிலே பட்டினி கிடந்துதான் மகன் முகம் பார்க்கவேணும் போலிருக்கிறது, தம்பி" என்று சொல்லிக்கொண்டே, பயணப் பெட்டியிலே பருத்தித்துறை வடைப் பொதிகளை அடுக்கினார்.

பதினைந்து நாள் அத்தேசத்தைச் சுற்றிவந்த பின்னர் நாம் அறிந்த செய்தி வேறு. பிரான்ஸ் தேசத்தின் புகழ்பெற்ற உண்டிகளிற் பல அரண்மனையிலே பிறந்தவையல்ல. மிஞ்சிய பாணையும், விலைபோகாத மீனையும், கிழச்சேவலையும் வீசியெறிய மனமில்லாத ஏழைகளின் அடுப்பிலே பிறந்தவை. பசி ருசி அறியாது என்பர் எமது முன்னோர். பிரான்ஸ் தேசத்திலோ பசியே ருசிக்கு வழி காட்டியது.

இழந்த பாண்

மருமகனின் வீடு சிறியது. ஆகவே அதே கட்டடத்தின் மேல்மாடியிலே தனித்து வாழும் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் எமக்கு ஓர் அறை ஒழுங்கு செய்திருந்தான். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர், நிமிர்ந்த நடையினர். எமக்கு அவர் மொழி தெரியாது; அவருக்கு எம் மொழி தெரியாது.

முதல்நாள் மாலை, பேக்கரி வாசலிலே பரவிய மணத்துக்கு மயங்கி, "பகெற்" எனப்படும் நீண்ட பாண்கள் நான்கை வாங்கிவந்தோம். கைத்தடி போன்ற உருவம். ஏறக்குறைய 250 கிராம் நிறை. மேல் ஓடு மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சுபோலவும் இருக்கும். விலை ஒரு யூரோவுக்குச் சற்று மேல். சுட்ட அன்றே உண்ணவேண்டிய பண்டம் அது என்பதை நாம் அறியோம். மறுநாட் காலையில் எஞ்சிய இரண்டும் உலக்கைபோல் இறுகிவிட்டன. அவற்றைக் கடதாசியிலே சுற்றிக் குப்பைக் கூடையருகே வைத்தோம். மூதாட்டியார் அதைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பொதியை அவிழ்த்து, பாணை எடுத்து மேசையில் வைத்தார். அது தலைகீழாகக் கிடந்ததைக் கண்டு நேரே திருப்பி வைத்தார். பாணைக் கவிழ்த்து வைத்தல் தீமை தரும் என்பது அந்நாட்டவரின் பழைய நம்பிக்கையாம்.

அடுத்த நாட் காலை உணவுக்கு அழைத்தார். எமது தட்டிலே, பாலும் முட்டையும் சீனியும் கலந்த கலவையில் ஊறவைத்து, வெண்ணெயிலே பொன்னிறமாகப் பொரித்த பாண் துண்டங்கள் இருந்தன. தமக்கையாரின் தட்டில் இருந்தவை வேறு. பாலில் மட்டும் நனைத்துத் தனிச் சட்டியிலே பொரித்தவை. தமக்கையார் முட்டை உண்ணார் என்பதை மருமகனிடம் கேட்டறிந்து, அந்த முதிய வயதிலும் இருமுறை அடுப்பு மூட்டியிருக்கிறார்.

இவ்வுண்டியின் பெயர் "பான் பெர்டூ". "இழந்த பாண்" என்பது அதன் பொருள். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நாம் வழங்கும் "பாண்" என்னும் சொல் போர்த்துக்கேயர் எமக்குத் தந்தது. பிரெஞ்சுக்காரர் "பான்" என்கின்றனர். இரண்டும் இலத்தீன் மொழியிலுள்ள "பானிஸ்" என்னும் சொல்லின் பிள்ளைகளே. மொழி தெரியாத அந்த வீட்டிலே எமக்கும் மூதாட்டியாருக்கும் பொதுவாக இருந்த முதற் சொல் அதுதான்.

மருமகன் மொழிபெயர்க்க, மூதாட்டியார் தம் இளமைக் காலத்தைச் சொன்னார். யுத்தம் 1945இல் முடிந்த பின்னரும் 1949 வரை பிரான்ஸ் தேசத்திலே பாண் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. சிறுமியாக அவர் தாயாருடன் வரிசையிலே நின்றிருக்கிறார். இதைக் கேட்டதும் தமக்கையாரின் முகம் மாறியது. 1974ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்திலே, விடியுமுன் எழுந்து சென்று, ஓர் இறாத்தல் பாணுக்காக வரிசையில் நின்ற பெண்களுள் அவரும் ஒருவர். "சொல்லு, நானும் நின்றனான் என்று சொல்லு" என்று மகனைத் தூண்டினார். அவன் சொன்னான். மூதாட்டியார் எழுந்து வந்து தமக்கையாரின் கையைப் பற்றிக்கொண்டார். பாணை வீசிய நாம் அன்று தலைகுனிந்து இருந்தோம்.

பிரெஞ்சு மக்களுக்குப் பாண் வெறும் உணவன்று. 1789ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி பாரிஸ் நகரத்துப் பெண்கள் பாண் கேட்டு வேர்சாய் அரண்மனைவரை மழையில் நடந்தே சென்று, மறுநாள் மன்னரையும் குடும்பத்தையும் தலைநகருக்கு அழைத்துவந்தார்கள் என்பது சரித்திரம். 1993ஆம் ஆண்டில் பிறப்பித்த ஒரு கட்டளைப்படி, "மரபுப் பாண்" என்ற பெயரில் விற்கப்படுவதை உறையவைத்தலாகாது. செயற்கைச் சேர்க்கைப் பொருள்கள் இடுதலும் ஆகாது. கோதுமை மா, நீர், உப்பு, மாவைப் பொங்கச் செய்யும் நொதி ஆகியவையே அதன் அடிப்படை. பகெற் சுடும் கைத்திறனை யுனெஸ்கோ 2022இல் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

சந்தைச் சூப்பு

பாரிஸ் நகரின் நடுவே முன்னர் "லே ஆல்" என்னும் பெருஞ்சந்தை இருந்தது. எமில் சோலா என்னும் நாவலாசிரியர் 1873இல் வெளியிட்ட நூலில் அச்சந்தைக்குப் "பாரிசின் வயிறு" என்று பெயரிட்டார். நள்ளிரவு முதல் மூட்டை சுமந்த தொழிலாளர் விடியற் குளிரிலே விரும்பி அருந்தியது வெங்காயச் சூப்பு. வெங்காயத்தை வெண்ணெயிலே நெடுநேரம் கபில நிறமாகும்வரை வதக்கி, இறைச்சிச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, மண்கிண்ணத்தில் ஊற்றி, மேலே காய்ந்த பாண் துண்டை மிதக்கவிட்டு, பாற்கட்டியைத் துருவித் தூவி, அடுப்பினுள்ளே வைத்து உருக்குவார்கள். மலிவான வெங்காயமும் நேற்றைய பாணும் சேர்ந்து செய்த விந்தை அது.

சந்தை 1969இல் நகருக்கு வெளியேயுள்ள றன்ஜிஸ் என்னும் இடத்துக்கு மாறிவிட்டது. எனினும் பழைய இடத்தருகே, சென் எஸ்தாஷ் தேவாலயத்தைச் சூழ்ந்த தெருக்களில், இச்சூப்பு இன்றும் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றிலே செய்யப்படுவதால், மரக்கறி உணவினர் கேட்டறிந்தே அருந்தல் வேண்டும். தமக்கையார் அன்று "கிரத்தன் டோபினுவா" என்னும் உருளைக்கிழங்கு உண்டியைப் பெற்றுக்கொண்டார். மெல்லியதாகச் சீவிய கிழங்கை, உள்ளி தேய்த்த தட்டிலே பாலும் பாலாடையும் விட்டு மெதுவாக வேகவைப்பது.

இந்தக் கிழங்கின் கதையும் சுவையானதே. பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு மக்களிற் பலர் உருளைக்கிழங்கைக் கால்நடைத் தீனி என்று இகழ்ந்தனர். நோய் தரும் என்றும் அஞ்சினர். பார்மந்தியே என்னும் மருந்தாளர் யுத்தக் கைதியாகப் பிரசியாவிலே இருந்தபோது அதையே உண்டு உயிர் வாழ்ந்தார். நாடு திரும்பியதும் அதன் பெருமையை எடுத்துரைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். தம் கிழங்குத் தோட்டத்துக்குப் பகலிலே காவலர்களை நிறுத்தி இரவிலே விலக்கிவிட்டார் என்றும், காவல் உள்ள பொருள் விலையுயர்ந்ததாகவே இருக்கும் என்று எண்ணிய மக்கள் அதைத் திருடிச் சென்று நட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கிழங்கு சேர்ந்த உண்டிகள் பலவற்றுக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது.

கறுப்புக் கோதுமை நாடு

பாரிசிலிருந்து புகைவண்டியிலே வடமேற்கே பிரிற்றனி மாகாணத்துக்குச் சென்றோம். கடற்காற்று வீசும் அந்த வளங்குன்றிய மண்ணிலே நல்ல கோதுமை எளிதில் விளைவதில்லை. ஆகவே அங்குள்ள உழவர்கள் "கறுப்புக் கோதுமை" எனப்படும் ஒரு தானியத்தை விதைத்தனர். பெயரிலேதான் கோதுமை, உண்மையில் அது புல்லினமேயன்று. அதன் மாவை நீரும் உப்பும் இட்டுக் கரைத்து, அகன்ற வட்ட இரும்புத் தட்டிலே ஊற்றி, சிறு மரப்பலகையால் மெல்லியதாகப் பரப்பிச் சுடுவதே "கலெற்". கடைக்காரப் பெண்மணி மாவை வட்டமாக இழுத்த இழுப்பைக் கண்டு, "தோசை வார்க்கத் தெரிந்த கை" என்று தமக்கையார் பாராட்டினார்.

வழக்கமாக அதன் நடுவே முட்டையும் பன்றித் தொடை இறைச்சியும் பாற்கட்டியும் வைத்து மடிப்பார்கள். வேண்டாதவற்றை விலக்கிக் கேட்டால் வெண்ணெயும் காளானும் மட்டும் வைத்துத் தருவார்கள். இங்குள்ள வெண்ணெய் உப்பிட்டது. புரட்சிக்கு முன்னர் பிரான்சின் பெரும்பகுதியிலே கொடிய உப்புவரி விதிக்கப்பட்டிருந்தது. பிரிற்றனி மாகாணம் அவ்வரியினின்றும் விலக்குப் பெற்றிருந்தது. ஆகவே உப்பை அங்கே தாராளமாகச் சேர்க்க முடிந்தது. ஒரு வரியின் வரலாறு வெண்ணெயின் சுவையிலே இன்றும் தங்கியிருக்கிறது.

லியோன் நகரத்துத் தாய்மார்

தென்கிழக்கே இரு நதிகள் கூடுமிடத்திலுள்ள லியோன் நகரம் உணவுக்குப் பேர்போனது. அப்பெருமையைத் தேடிக் கொடுத்தவர்கள் செல்வர் வீடுகளிலே சமையற் பணி செய்துவிட்டு, பின்னர் தாமே சிறு போசனசாலைகள் அமைத்த பெண்கள். அவர்களை மக்கள் "தாய்" என்றே அழைத்தனர்.

அவர்களுள் தலையாயவர் யூஜெனி பிராசியே. 1895இல் ஓர் எளிய கிராமத்திலே பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பன்றி மேய்த்தார். பத்து வயதிலே தாயை இழந்தார். மணவினை நிகழுமுன் ஒரு மகவுக்குத் தாயானமையால் தந்தையின் வீட்டிலே இடமற்றுப்போய், பணிப்பெண்ணாக லியோன் நகரை அடைந்தார். அங்கே அடுகலையைக் கற்று, 1921இல் கையிலிருந்த சிறு தொகையைக் கொண்டு றோயால் வீதியிலே ஒரு போசனசாலை தொடங்கினார். 1933இல் மிசெலின் வழிகாட்டி நூல் அவருடைய இரு போசனசாலைகளுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் வழங்கியது. ஆறு நட்சத்திரங்களை ஒருங்கே பெற்றவர் அவருக்கு முன் எவரும் இலர். பிற்காலத்திலே உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் அவரிடம் தொழில் பழகியவரே. பிராசியே அம்மையார் 1977இல் காலமானார். தொடங்கிய அதே வீதியிலே அவர் பெயரால் அப்போசனசாலை இன்றும் நடைபெறுகிறது.

அவருடைய புகழ்பெற்ற உண்டி "பாதித் துக்கக் கோழி". கோழியின் வெண்தோலுக்கு அடியிலே கரிய நிலக்காளான் சீவல்களை வைத்து அவித்தால், கறுப்பும் வெள்ளையும் கலந்து அரைத் துக்க ஆடை போலத் தோன்றும். இது செல்வர் உணவு. எம்போன்றோர்க்கு ஏற்றது, கிழச்சேவலைச் செந்நிறத் திராட்சை மதுவிலே பலமணி நேரம் வேகவைக்கும் "கொக் ஓ வன்". முட்டையிடாத, மெல்லவும் முடியாத சேவலைப் பதப்படுத்த உழவர் கண்ட வழி அது. மது விலக்கியோர் இதை விலக்குதலே நன்று. தெற்கேயுள்ள காசில்நோதாரி, துலூஸ் முதலிய ஊர்களின் "கசுலே" என்னும் வெள்ளை அவரை உண்டியும் இவ்வாறே மண்சட்டியில் நெடுநேரம் வேகுவது. அதிலே பன்றியும் வாத்தும் சேரும்.

பாற்கட்டியும் சேமிப்பிலே பிறந்ததே. கோடையிலே மிகுந்த பாலைப் பனிக்காலத்துக்குக் காக்க, ஜூரா மலைப் பிரதேசத்து உழவர்கள் தத்தம் பாலை ஒன்றுசேர்த்து "கொம்தே" என்னும் பெரிய சக்கரங்களாகச் செய்தனர். ஏறக்குறைய 40 கிலோ நிறையுள்ள ஒரு சக்கரத்துக்கு 400 லீற்றர் அளவு பால் வேண்டும். செம்மறியாட்டுப் பாலிலே செய்து மலைக்குகைகளில் பதமாக்கும் நீலப்பூஞ்சண "றொக்போர்" பாற்கட்டியின் பெயரை 1925ஆம் ஆண்டிலே சட்டமியற்றிக் காத்தனர். இவற்றை உறையவைக்கும் பொருள் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து பெறப்படுவது. கடுமையான மரக்கறி நோன்புடையோர் இதை அறிந்திருத்தல் நலம். இதை அறிந்தபின் தமக்கையார் பாற்கட்டியையும் விட்டுவிட்டார்.

தென்கடற் கரையிலே

மத்தியதரைக் கடலோரத்து மார்செய் துறைமுகத்தின் பெருமை "பூயாபேஸ்" என்னும் மீன் உண்டி. முட்கள் நிறைந்து, வாங்குவாரின்றி வலையிலே எஞ்சிய பாறை மீன்களை மீனவர் கரையிலே கொதிக்கவைத்து உண்டதே அதன் தொடக்கம். உள்ளி, தக்காளி, பெருஞ்சீரகம், குங்குமப்பூ, ஒலிவ எண்ணெய் என்பன சேரும். முதலிற் சாற்றையும் பாணையும், பின்னர் மீனையும் பரிமாறுவர். போலிகள் பெருகியமையால் 1980இல் அந்நகரப் போசனசாலை உரிமையாளர் சிலர் கூடி, எம்மீன்கள் சேரவேண்டும் என்று விதி வகுத்தனர். எஞ்சிய மீனில் பிறந்த உண்டி இன்று, முன்கூட்டியே சொல்லிவைத்துப் பெருந்தொகை கொடுத்து உண்ணும் உண்டியாகிவிட்டது. நாம் ஒரு கிண்ணம் அருந்தி, பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

நீஸ் நகரத்திலேதான் தமக்கையாரின் நாள் விடிந்தது. பழைய நகரத்தின் ஒடுங்கிய தெரு ஒன்றிலே விறகடுப்பிலிருந்து அகன்ற செப்புத் தட்டை இழுத்து, வட்டமான அடை ஒன்றைக் கீறிக் கீறிக் கடதாசியிலே வைத்துக் கொடுத்தார்கள். "சொக்கா" என்பது அதன் பெயர். கடலைமா, நீர், ஒலிவ எண்ணெய், உப்பு, வேறொன்றுமில்லை. மேலே மிளகுத்தூள். தமக்கையார் ஒரு வாய் உண்டு, "தம்பி, இது கடலைமா அல்லவோ!" என்று வியந்து, மேலும் இரு பங்கு வாங்கச் சொன்னார். கத்தரிக்காய், தக்காளி, கறிமிளகாய், சுக்கினிக்காய் ஆகியவற்றை ஒலிவ எண்ணெயிலே குழைய வதக்கும் "ரட்டாட்டூய்" என்னும் கறியும் அவ்வூருக்குரியதே. மரக்கறி உணவினர் தெற்கு நோக்கிச் செல்வார்களாயின் பட்டினிக்கு அஞ்சவேண்டியதில்லை.

பயணம் செய்வோர்க்குச் சில சொற்கள்

கடையினுள்ளே நுழைந்ததும் "போன்ஜூர்" என்று வணக்கம் கூறுதல் வேண்டும். கூறாமற் பேசத் தொடங்குதல் மரியாதைக் குறைவு. மதிய உணவு பெரும்பாலும் பன்னிரண்டு மணிமுதல் இரண்டு மணிவரையே கிடைக்கும். அந்நேரத்து "அன்றைய உண்டி" விலை குறைந்தது, நல்லது. தண்ணீர்க் குவளையும் பாணும் உணவோடு தனி விலையின்றி வரும். பணியாளருக்குரிய கட்டணம் விலையிலேயே அடங்கும். எஞ்சியதை எடுத்துச் செல்ல விரும்பினால் வெட்கப்பட வேண்டாம். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அதற்குரிய பாத்திரத்தைப் போசனசாலைகள் தரவேண்டும் என்பது சட்டம். பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவை அழித்தலாகாது என்று 2016இல் இன்னொரு சட்டமும் இயற்றினர். மூதாட்டியார் எமக்குச் சொல்லாமற் சொன்ன பாடம் அங்கே சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது.

திரும்பும் நாள்

பாரிஸ் மாநகரத்து ஆட்சியினர் ஆண்டுதோறும் சிறந்த மரபுப் பகெற் எது என்று போட்டி நடத்துகின்றனர். தோற்றம், மணம், சுவை, வேக்காடு யாவும் பார்த்துத் தீர்ப்பளிப்பர். வென்றவர் 4,000 யூரோ பரிசு பெறுவதோடு, ஓராண்டு காலம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் சிறப்பையும் பெறுவார். 2023ஆம் ஆண்டில் அப்பரிசை வென்றவர் எமது நாட்டிலே பிறந்து, பிரான்சுக்குக் குடிபெயர்ந்து, அங்கே தொழில் பழகிய தர்ஷன் செல்வராஜா என்னும் தமிழர். பிரெஞ்சுக்காரர் உயிரினும் மேலாகப் போற்றும் ஒரு பண்டத்தை, பிற தேசத்திலிருந்து வந்த ஒருவர் கற்று, அவர்களையே மெச்சவைத்தார்.

அவருடைய பேக்கரி நகரின் கிழக்கேயுள்ள இருபதாம் வட்டாரத்திலே இருக்கிறது. புறப்படுவதற்கு முதல்நாள் அங்கே சென்றோம். வரிசையிலே நின்றோம். இம்முறை நான்கு வாங்கவில்லை, ஒன்றே வாங்கினோம். இளஞ்சூடாக இருந்த அதை மூதாட்டியாரிடம் கொடுத்து, சுட்டவர் எவ்வூரவர் என்பதை மருமகன் வாயிலாகச் சொன்னோம். அவர் நுனியை முறித்து முகர்ந்து பார்த்துவிட்டு, அந்த முதல் துண்டைத் தமக்கையாரின் கையிலே கொடுத்தார்.

தமக்கையார் தம் பெட்டியைத் திறந்தார். பிரிக்கப்படாத ஒரு பொதி வடை எஞ்சியிருந்தது. அதை எடுத்து மூதாட்டியாரிடம் நீட்டி, "உறைக்கும், ஆனால் பல நாள் இருக்கும், வீணாகாது" என்றார். மருமகன் அதைப் பிரெஞ்சு மொழியிலே எடுத்துச் சொல்ல, மூதாட்டியார் சிரித்தபடியே பொதியை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.